தேவையான நீளம் பின்னர் அறிவிக்கப்படும்

"அளவு குறிப்பிடப்படாத பொருளுக்குக் கொள்முதல் ஆணை வழங்கலாகாது."

அரசாங்கப் பொருள்கிடங்கு ஒன்றில் நான் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்த காலத்தில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்த விதி இது. இந்த ஒரு வரியைக் கொண்டே எத்தனையோ விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "தார்ப்பாய், போதுமான அளவு" என்று எழுதியிருந்த ஓர் இன்ஜினியரிடம் "யாருக்குப் போதுமான அளவு?" என்று ஓரத்தில் கேட்டு அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. (எனக்கு வருத்தமில்லை. அடுத்த விண்ணப்பம் ஒழுங்கான படிவத்தில் வந்தது.)

அப்பேர்ப்பட்ட நான்தான், அளவே இல்லாத ஒரு பொருளை, மூன்று பெண்களிடம், மூன்று வெவ்வேறு வீடுகளில், ஒரே சமயத்தில் செய்யக் கொடுத்தேன். ஆபீசாக இருந்திருந்தால் என்னை நானே விளக்கம் கேட்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. கிள்ளானில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கை மல்லிகாவுக்கு ஒன்பது வருஷம் கழித்துப் பெண் பிள்ளை பிறந்தது. ஏழு வாரம் முன்கூட்டியே பிறந்துவிட்டதால் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிறக்கும் முன்னே பிள்ளைக்கென்று எதுவும் வாங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மல்லிகா அதை ஒரு பிடி கூடுதலாகவே கடைப்பிடித்திருந்தாள். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினாள்.

"அண்ணே, முப்பதாம் நாள் தொட்டில் போடணும்னு இவங்க வீட்ல சொல்றாங்க. நீ தங்கம் கிங்கம்னு ஒண்ணும் செய்யாதே. அண்ணி கையால ஒரு போர்வை பின்னிப் போட்டுக் கொண்டா. அது போதும்."

"நல்லதா ஒண்ணு கடையில வாங்கிடலாம்லா."

"கடையில வாங்கினது எல்லாரும் கொண்டாருவாங்க. பாக்கியம் அக்கா இப்பவே கேட்டாச்சு, தாய்மாமன் என்ன கொண்டாறாருன்னு. என் அண்ணன் வீட்ல கையால போட்டுக் கொண்டாருவாங்கன்னு சொல்லிட்டேன். என் மானத்தை வாங்கிடாதே."

பாக்கியம், மல்லிகாவின் நாத்தனார். ஒன்பது வருஷமாக "இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்று மாதம் தவறாமல் கேட்டு வந்தவர். அவர் வாயை ஒரு நாளாவது அடைக்க வேண்டும் என்பது தங்கையின் ஆசை. பெட்டிக்குள் இருந்த பிள்ளையைப் பற்றிய பயத்தை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. போர்வை வேண்டும் என்று மட்டும்தான் சொன்னாள். பிள்ளை வீட்டுக்கு வந்தால்தானே போர்வை தேவைப்படும்.

என் மனைவி பத்மாவுக்குக் கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷே கைவந்த கலை. எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் டிவிக்கு ஒன்று, டெலிபோனுக்கு ஒன்று, தண்ணீர் கூஜாவுக்கு மணி வைத்த ஒன்று என்று எல்லாவற்றுக்கும் சட்டை போட்டிருந்தாள். ஆனால் எல்லாம் வட்டம். அவள் கான்வென்ட்டில் படித்தபோது கொடுத்த புத்தகத்தில் வட்டம் மட்டும்தான் இருந்தது.

"நீளமா போட்டுப் பழக்கமில்லை. ஒரு பேட்டர்ன் இருந்தா நானே பதினைஞ்சு நாள்ல முடிச்சிடுவேன். பெட்டாலிங் ஜெயாவுல ஒரு கடையில புத்தகம் இருக்கு" என்றாள்.

"புத்தகம் எதுக்கு? இன்டர்நெட்ல சும்மா கிடைக்கும்" என்றேன்.

அதுவரை நான் இன்டர்நெட்டைத் தொட்டதில்லை. ஆனால் அதைப் பற்றிய சுற்றறிக்கையை எழுதியவன் நான்தான். ஒன்றைப் பற்றிச் சுற்றறிக்கை எழுதிவிட்டால் அது நமக்குத் தெரியும் என்கிற நினைப்பு அரசாங்க ஊழியனுக்கு எப்படியோ வந்துவிடுகிறது.

எங்கள் இலாகா முழுவதற்கும் ஒரே ஒரு கணினியில்தான் இணைப்பு இருந்தது. அது ஒரு கண்ணாடி அறைக்குள், சைத்தோன் என்ற அம்மையாரின் பொறுப்பில் இருந்தது. சொந்தக் காரியத்துக்கு மதிய இடைவேளையில், எழுத்துபூர்வமான அனுமதியோடு பயன்படுத்தலாம் என்பது என் சுற்றறிக்கை. ஆகவே விண்ணப்பித்தேன். விண்ணப்பதாரரும் நான், பரிந்துரைத்தவரும் நான். பெரிய அதிகாரி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். (படிக்காமல் கையெழுத்துப் போட வைக்கும்படி எழுதுவது ஒரு தனித் திறமை. முப்பது வருஷ சர்வீசில் வரும்.) பதிவேட்டில் "நோக்கம்" என்ற கட்டத்தில் "பொருள் விவரக்குறிப்பு தேடுதல்" என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது.

மோடம், கோழியைத் தண்ணீரில் அமுக்கியதுபோல் கத்திவிட்டு இணைந்தது. இலவசக் குரோஷே பேட்டர்ன் என்று ஆங்கிலத்தில் தட்டினேன். இலவசம் என்றால் என்ன வரும் என்று அன்றுதான் தெரிந்தது. டாய்லட் பேப்பர் சுருளுக்குப் பாவாடை. நாய்க்குக் குளிர்ச் சட்டை. கோல்ஃப் மட்டைக்குக் காலுறை. அவித்த முட்டைக்குத் தொப்பி.

சைத்தோன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்சிக், இந்த வெள்ளைக்காரங்க எதையும் அம்மணமா விடமாட்டாங்க போலிருக்கே" என்றார் மலாயில். (என்சிக் என்றால் ஐயா.)

"நான் தேடுறது குழந்தைப் போர்வை."

"தேடுங்க. அந்த டாய்லட் பேப்பர் பாவாடையை மட்டும் எனக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுத்துடுங்க."

மூன்றாம் நாள் மதியம் அகப்பட்டது. குளிர் நாடு ஒன்றில் ஒரு பெண்மணி தானே தட்டச்சு செய்து வைத்திருந்த பக்கம். குழந்தைப் போர்வை, ஒரு அடி அகலத்தில் மூன்று பட்டைகளாகப் போட்டு, கடைசியில் சேர்த்துப் பின்ன வேண்டும். சுத்தமான, எண் போட்ட செய்முறை. எனக்குப் பிடித்துப் போனதற்குக் காரணமே அந்த எண்கள்தான். அடியில் மின்னஞ்சல் முகவரி கொடுத்து, "சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்" என்று வேறு போட்டிருந்தார். பாவம், யாரிடம் அந்த வார்த்தையைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். பத்மா படித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு நூல் வாங்கினா ஆரம்பிச்சிடுவேன்" என்றாள்.

அங்கே விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

"மூணு பட்டை, மூணு பேர். வேலையைப் பிரிச்சுக் குடுத்தா மூணுல ஒரு பங்கு நேரம். நீ ஒருத்தியே செஞ்சு உனக்குக் காய்ச்சல் வந்துட்டா?"

"எனக்கு ஏன் காய்ச்சல் வரணும்?"

"வரும்னு சொல்லலை. வந்தால்."

இரண்டாவது பட்டைக்குப் பக்கத்து வீட்டுக் கமலம் அக்கா. ரயில்வேக்காரரின் விதவை, குரோஷே ஊசி பிடித்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுவார், ஆனால் ஆங்கிலம் வராது. மூன்றாவது பட்டைக்கு கிரேஸ் டீச்சர். பத்மாவுக்குக் கான்வென்ட்டில் தையல் சொல்லிக்கொடுத்தவர், ஓய்வு பெற்று பெட்டாலிங் ஜெயாவில் இருந்தார்.

கமலம் அக்காவுக்காகச் செய்முறையைத் தமிழில் பெயர்த்தேன். தலைப்பு, பார்வை, பத்தி எண்கள், நகல் பெறுவோர் பட்டியல் எல்லாம் வைத்து, முறையான சுற்றறிக்கையாகவே எழுதினேன். ஒன்பதாம் பத்தியில்தான் சிக்கல் வந்தது. "மூன்று முதல் ஆறு வரையுள்ள வரிசைகளைத் தேவையான நீளம் வரும்வரை திரும்பச் செய்யவும்" என்று மூலத்தில் இருந்தது.

தேவையான நீளம். யாருக்குத் தேவையான நீளம்?

"ஒரு மூணு அடி வச்சுக்கலாம்" என்றாள் பத்மா.

"வச்சுக்க நீ யார்? நான் யார்? பேட்டர்ன் அந்த அம்மாளோடது. அவங்கதான் சொல்லணும்."

மறுநாளே அந்தப் பெண்மணிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "பொருள்: தங்கள் செய்முறையின் ஒன்பதாம் பத்தி தொடர்பாக விளக்கம் கோருதல்" என்று தொடங்கி, கோப்பு எண் இட்டு, "மேற்கண்ட விஷயத்தில் தங்கள் விரைவான பதில் பெரிதும் பாராட்டப்படும்" என்று முடித்தேன். பதில் வரும்வரை வேலை நிற்கக் கூடாதல்லவா. அதனால் சுற்றறிக்கையின் அடியில் ஒரு குறிப்பு சேர்த்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய வாக்கியங்களிலேயே அதிக விளைவு உண்டாக்கியது இதுதான்:

"தேவையான நீளம் பின்னர் அறிவிக்கப்படும். அதுவரை பணி நிறுத்தப்படலாகாது."

கிரேஸ் டீச்சருக்குச் சுற்றறிக்கை போய்ச் சேர்ந்த அன்றே போன் வந்தது.

"இதை யார் எழுதினது?"

"நான்தான் டீச்சர்."

"உனக்குக் குரோஷே தெரியுமா?"

"தெரியாது. ஆனா நடைமுறைன்னு ஒண்ணு..."

"பத்மாகிட்ட போனைக் குடு."

பத்மா பத்து நிமிஷம் வெறும் "ம்" போட்டாள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

கமலம் அக்கா அப்படியில்லை. செத்துப்போன கணவர் ரயில்வேயில் விதி தவறாமல் கொடி காட்டியவர். "பெரிய கிராணி எழுத்துல குடுத்தாச்சுன்னா அப்புறம் என்ன கேள்வி" என்று நூலை வாங்கிக்கொண்டு போனார்.

மின்னஞ்சல் போன ஏழாம் நாள் முதலாவது நினைவூட்டல் அனுப்பினேன். பதினான்காம் நாள் இரண்டாவது. குளிர் நாட்டிலிருந்து ஒரு வரி வரவில்லை. இதற்கிடையே கிள்ளானிலிருந்து செய்தி மட்டும் தினமும் வந்தது. பிள்ளை பத்து கிராம் ஏறியிருக்கிறது. இன்று ஐந்து கிராம் இறங்கிவிட்டது. மல்லிகா போனில் எடையைச் சொல்வாள், சொல்லிவிட்டு, "போர்வை எந்த மட்டும்ணே?" என்பாள். "பணி நடந்துகொண்டிருக்கிறது" என்பேன். எனக்கே வெட்கமாக இருக்கும், ஆனால் வேறு எப்படிப் பேசுவதென்று எனக்குத் தெரியாது.

பிறந்த இருபத்திரண்டாம் நாள் பிள்ளை பெட்டியை விட்டு வெளியே வந்து வீட்டுக்கு வந்தது. அன்று மல்லிகா எடையைச் சொல்லவில்லை. "அண்ணே, மூச்சு விடறது கேக்குது" என்று சொல்லி, போனைப் பிள்ளை பக்கத்தில் பிடித்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறது என்றேன்.

இருபத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை மதியம், பட்டைகளைச் சேர்க்க மூன்று பேரும் எங்கள் ஹாலில் கூடினார்கள். நான் வருகைப் பதிவு எடுத்தேன். (எடுத்தேன். மறைப்பதற்கில்லை.)

பத்மா தன் பட்டையை விரித்தாள். மஞ்சள் நிறம், சரியாக மூன்று அடி. என் குறிப்பை அவள் மதிக்கவில்லை என்பது தெரிந்தது.

கிரேஸ் டீச்சர் மெல்லிய தாளில் சுற்றி, இஸ்திரி போட்டு, நூல் முனையை அறுத்து முடிச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். இருபது அங்குலம். "குறைமாசப் பிள்ளைக்கு இது போதும். முடிச்சதை நான் மறுபடி தொடமாட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

கமலம் அக்கா சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் கூடையோடு வந்தார். உள்ளேயிருந்து எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. நாலாம் அடி வரை மஞ்சள். மஞ்சள் நூல் தீர்ந்து, எட்டாம் அடி வரை பச்சை. அதற்கப்பால் அரக்குச் சிவப்பு. சோபாவைத் தாண்டி, சாமி அறை வாசலைத் தாண்டி, சமையலறைப் படியில் போய் முனை நின்றது. அளவு நாடா வைத்து அளந்தேன். பதினோரு அடி நாலு அங்குலம். ஊசி இன்னும் கடைசிக் கண்ணியில் குத்தியபடியே இருந்தது.

"நீளம் வந்திடுச்சா கிராணி?" என்றார் அக்கா. "இல்லேன்னா சொல்லுங்க, இப்பவே உக்காந்து போடுறேன். நிறுத்தக் கூடாதுன்னு எழுதியிருந்தீங்க."

கிரேஸ் டீச்சர் என்னைப் பார்த்தார். பத்து வயதில் கூட என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

குரோஷே என்பது ஊசியை உருவி நூலை இழுத்தால் சரசரவென்று பிரிந்துவிடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். "மூணு அடிக்கு மேல பிரிச்சிடலாம்க்கா, அஞ்சு நிமிஷ வேலை" என்று பத்மா நூலைக் கையில் எடுத்தாள்.

கமலம் அக்கா தடுக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "பிரிக்கறதுன்னா பிரிச்சுக்கம்மா. பிள்ளை பெட்டிக்குள்ள இருக்குன்னு சொன்னீங்களே. கண்ணிக்கு ஒரு முருகா சொல்லித்தான் போட்டேன். நல்லபடியா வெளிய வந்துட்டுது. வந்தப்புறம் போட்டது சும்மா சந்தோஷத்துக்கு. எது முன்னாடி எது பின்னாடின்னு எனக்குத் தெரியலை. பாத்துப் பிரி."

பத்மா நூலைக் கீழே வைத்துவிட்டாள். கிரேஸ் டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கிறிஸ்துவர், ஆனாலும் அவர் கூடப் பிரி என்று சொல்லவில்லை.

அப்படியே சேர்த்தார்கள். ஒரு பக்கம் டீச்சர், மறு பக்கம் பத்மா, நடுவில் அக்கா. மேல் விளிம்பு மட்டும் ஒரே நேராக இருந்தது. கீழே மாடிப்படி மாதிரி இறங்கி, நடுவில் எட்டு அடிக்கு மேல் அனுமார் வால்.

மறுநாள் கிள்ளானில் மல்லிகா வீட்டில் கூட்டம். ஸ்பிரிங் தொட்டில் ஹால் நடுவில் தொங்கியது. நான் வாலைச் சுருட்டிப் போர்வைக்கு அடியில் ஒளித்து, தாம்பாளத்தில் பூ பழத்தோடு வைத்து, வேட்டி கட்டிக்கொண்டு ஒரு தாய்மாமனுக்குரிய மிடுக்கோடு நடந்தேன். தொட்டில் வரை எல்லாம் முறைப்படி நடந்தது. போர்வையை எடுத்து விரித்தேன்.

சுருள் தாம்பாளத்திலிருந்து விழுந்தது. விழுந்தது நிற்காமல் உருண்டது. பச்சை கடந்து, அரக்குச் சிவப்பு அவிழ்ந்து, நாற்காலிக் கால்களுக்கு நடுவே ஓடி, சரியாகப் பாக்கியம் அக்காவின் காலடியில் போய் முடிந்தது. நாதஸ்வரக் கேசட் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

பாக்கியம் அக்கா குனிந்து முனையை எடுத்துப் பார்த்தார்.

"தம்பி," என்றார், "இது பிள்ளைக்குப் போத்தவா, இல்லை தேர் இழுக்கவா?"

ஹால் முழுக்கச் சிரித்தது. என் மைத்துனர் கூடச் சிரித்தார், பிறகு இருமுவதுபோல் மாற்றிக்கொண்டார். நான் மல்லிகாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் நிறைந்துகொண்டு வந்தது. ஒன்பது வருஷத்தில் அவள் கேட்டது ஒரே ஒரு போர்வை, அதையும் நான் ஒரு குறிப்பு எழுதிக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். வாயைத் திறந்து விளக்கம் சொல்லப் போனேன். என்னிடம் இருந்தது முழுக்கப் பத்தி எண்களாகவே இருந்தது.

பத்மா முந்திக்கொண்டாள். "நடுப் பட்டை எங்க பக்கத்து வீட்டு அக்கா போட்டது. பிள்ளை பெட்டியில இருந்த நாள் பூரா, கண்ணிக்கு ஒரு முருகா சொல்லிப் போட்டாங்க. அதான் நீளம்."

சிரிப்பு நின்றது. மல்லிகா எழுந்து வந்து, வாலைக் கையால் தடவிக்கொண்டே நாற்காலி நாற்காலியாக நடந்து, பாக்கியம் அக்காவின் கையிலிருந்த முனை வரை போனாள். "எல்லாம் என் பிள்ளைக்குச் சொன்னதா?" என்றாள். பிறகு திரும்பி வந்து பிள்ளையைத் தொட்டிலில் விட்டு, போர்த்திப் பார்த்தாள். டீச்சரின் இருபது அங்குலம் பிள்ளைக்குக் கழுத்திலிருந்து கால் வரை கச்சிதமாக இருந்தது. மிச்சத்தைத் தொட்டில் துணியைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு வெளியே தொங்கவிட்டாள். பிள்ளை சிணுங்கியது. முனை இன்னும் பாக்கியம் அக்காவின் கையில்தான் இருந்தது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் மெல்ல இழுத்தார். தொட்டில் ஆடியது. பிள்ளை அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் ஒரு வருஷம் அந்த வாலை விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் படம் பார்த்துக்கொண்டே எட்டு அடி தூரத்திலிருந்து தொட்டிலாட்டினார். யார் வந்தாலும், "தாய்மாமன் யோசிச்சுச் செஞ்சிருக்காரு" என்று சொன்னாராம். நான் மறுக்கவில்லை. எழுத்துபூர்வமாக யாரும் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் மட்டும் கதை வேறு மாதிரி நிலைத்துவிட்டது. இன்றும் பத்மாவிடம் "தோசை எத்தனை?" என்று யாராவது கேட்டால், "எண்ணிக்கை பின்னர் அறிவிக்கப்படும், அதுவரை நிறுத்தப்படலாகாது" என்று பதில் வரும். கல்யாண மண்டபத்தில் ஐயர் மந்திரத்தை இழுத்தால் நாலு பேர் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். கமலம் அக்காவுக்கு மட்டும் இதில் என்ன வேடிக்கை என்று கடைசிவரை புரியவில்லை.

அந்தக் கோப்பை நான் மூடவில்லை. நாலு நினைவூட்டல் அனுப்பியும் பதில் வராததால் "கே.ஐ.வி." (கவனத்தில் வைக்கவும்) என்று எழுதி வைத்தேன். வேறு இலாகாவுக்கு மாற்றலானபோது, நிலுவையில் உள்ள விஷயங்கள் பட்டியலில் அதையும் சேர்த்துப் புதிய கிராணியிடம் ஒப்படைத்தேன். அவரும் முறை தெரிந்த மனிதர். ஒரு நாள் அவரிடமிருந்து என் புதிய ஆபீசுக்கு ஓர் உறை வந்தது. உள்ளே அச்சடித்த ஒரு மின்னஞ்சல், மேலே வந்து சேர்ந்த முத்திரை, ஓரத்தில் "தங்கள் நடவடிக்கைக்கு" என்ற குறிப்பு.

"அன்புள்ள ஐயா, வீடு மாறியதில் கடிதங்களைப் பார்க்கவே இல்லை, மன்னியுங்கள். உங்கள் ஐந்து கடிதங்களையும் இன்றுதான் படித்தேன். நீளத்துக்கென்று விதி எதுவும் இல்லை. குழந்தை எவ்வளவு பெரியது என்று சொன்னால் நான் சொல்கிறேன்."

கேட்ட கேள்விக்குத் தகவல் திரட்டாமல் பதில் எழுதுவது என் வழக்கமல்ல. கிள்ளானுக்குப் போன் பண்ணி, பிள்ளை எவ்வளவு பெரியது என்று மல்லிகாவைக் கேட்டேன்.

"எவ்வளவு பெருசுன்னா என்ன சொல்றது? நேத்து நாற்காலி மேல ஏறி, சாமி படத்துல இருந்த பூவை எடுத்துத் தின்னுட்டா அண்ணே."

அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பி, கோப்பை மூடினேன்.